எம்.எஸ்சி. உயிரியல்: வழிகாட்டியும் குழுவும், என் அனுபவம்

கனடாவில் ஆய்வுவழி எம்.எஸ்சி. என்றால், பல துறைகளில் ஒரு பேராசிரியர் உங்களுக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டால்தான் இடமே கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அவருடைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகிறது, அடுத்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

நான் சறுக்கியது, ஆய்வைப் பார்த்து ஆலோசனை சொல்லும் பேராசிரியர் குழுவில். வழிகாட்டியோடு மூன்று பேர், மூவருமே தவளை ஆட்கள். புள்ளியியலைப் பார்க்க ஆளில்லை. என் ஆய்வு, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தலைப்பிரட்டைகளை என்ன செய்கிறது என்பது. உப்பு கலந்த 3 குளம், கலக்காத 3 குளம், குளத்துக்கு 20 தலைப்பிரட்டை. மாதிரி 120 என்று எழுதியிருந்தேன். உப்பு மாறுவது குளத்துக்குக் குளம்தானே! ஒரே குளத்துத் தலைப்பிரட்டைகளுக்கெல்லாம் ஒரே உப்புதான். அதனால் உண்மையான மாதிரி வகைக்கு வெறும் 3 குளம். ஒரு பருவக் களப்பணி வீண்.

வழிகாட்டியிடம் பேசி, துறை அலுவலகத்தில் படிவம் கொடுத்து, ஒருவருக்குப் பதிலாகப் புள்ளியியல் தெரிந்த சூழலியலாளரைச் சேர்த்தேன். அவர் சொன்னபடி வகைக்கு 10 குளம், குளத்துக்கு 6 தலைப்பிரட்டை. அளப்பது அதே 120தான், அலைச்சல்தான் கூடுதல்.

முதல் குழுக் கூட்டத்தைப் பனி உருகுவதற்கு முன், பிப்ரவரியிலேயே வையுங்கள். இரண்டு பக்கத் திட்டத்தை ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள். எதை எத்தனை முறை அளப்பீர்கள் என்ற அட்டவணை அதில் கட்டாயம் இருக்கட்டும்.