வெண்பன்றி விலா எலும்பு: வெட்டவெளித் தணலில் சுடும் முறை

இந்தக் கறியைச் சுட மட்டும் மூன்று மணி நேரமாவது வேண்டும், மசாலா ஊற அதற்குமுன் இன்னொரு மூன்று மணி நேரம். அவசரம் என்றால் சுக்கா போட்டுக்கொள்ளலாம். விலா எலும்போடு ஒட்டிய சதையில் ஜவ்வு அதிகம். அது இளக மிதமான சூடு நெடுநேரம் தேவை. எரியும் நெருப்பில் நேரே காட்டினால் மேலே கருகும், உள்ளே ரப்பர் மாதிரி இழுக்கும்.

கறி

நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ. "துண்டு போடாதீங்க, பாளமா வேணும்" என்று கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழம்புக்கு வெட்டுவதுபோல வெட்டிவிடுவார்கள். பாளத்தின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கரண்டிக் காம்பை எலும்புமேல் நுழைத்துக் கிளப்பி, துணியால் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். இதை விட்டுவிட்டால் மசாலா ஏறாது, மெல்லவும் முடியாது.

தூள் உப்பு மட்டமாக ஒரு மேசைக்கரண்டி, இடித்த மிளகு இரண்டு, சீரகத்தூள் ஒன்று, மிளகாய்த்தூள் ஒன்று, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி 30 கிராம், பூண்டு 40 கிராம். அரைத்துத் தடவி, ஐஸ் பெட்டியில் மூன்று மணி நேரம் வையுங்கள். நம் ஊர் வெயிலில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சர்க்கரை எதுவும் இப்போது வேண்டாம், முதலில் கருகுவது அதுதான்.

அடுப்பு

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள், காவிரியில் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு ஆற்று மணலில் அடுப்பு போடாதீர்கள். வைக்கோல்போர், நாணல் பக்கமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் ஈரம் சூட்டைக் குடித்துவிடும், அதனால் கீழே ஒரு வரிசை செங்கல் பரப்புங்கள். செங்கல் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரக்கல் சூட்டில் வெடிக்கும். மூன்று பக்கம் நான்கு வரிசை உயரத்துக்கு அடுக்கி, காற்று வராத பக்கத்தைத் திறந்து விடுங்கள். ஆடிக்காற்றில் இது தவறினால் சாம்பல் முழுக்கக் கறிமேல்தான். மேலே எவர்சில்வர் கம்பி வலை. துத்தநாகப் பூச்சு போட்ட வலை சூட்டில் நச்சுப்புகை விடும்.

விறகு: சவுக்கு, புளி, கருவேல். பத்துக் கிலோ போதும். தென்னை மட்டை பற்றவைக்க மட்டும். பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது.

பக்கத்திலேயே தனியாக ஒரு சிறு நெருப்பை எரியவிட்டு, அங்கிருந்து தணலை அள்ளி அடுப்புக்குள் ஒரு பாதியில் மட்டும் போடுங்கள். மறுபாதி காலி. கறி அந்தக் காலிப் பக்கத்துக்கு மேலே. முழுச் செய்முறையும் இதில்தான் நிற்கிறது. கறி வைக்கும் இடத்தில் உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் நீட்டுங்கள். எட்டு முதல் பத்து நொடி தாங்கினால் சூடு சரி. நாலு நொடியில் கையை இழுத்தால் தணலைக் குறையுங்கள்.

சுடுதல்

எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பெரிய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து மூடுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் இப்படியே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாளத்தைச் சுற்றித் திருப்புங்கள், தணல் பக்கத்து ஓரம் முந்திக்கொண்டு வேகும். அரை மணிக்கு ஒருமுறை புதுத் தணல்.

பிறகு வாட்டிய வாழை இலை மூன்று அடுக்கில் பொதிந்து, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி மேலும் ஒன்றேகால் மணி நேரம். இலை இல்லாமல் தாள் மட்டும் போட்டாலும் வேகும், வாசம்தான் வராது.

பொதியைப் பிரித்து எலும்புகளுக்கு நடுவே ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். சதை சுருங்கி எலும்பு நுனி ஒரு விரற்கடை வெளியே தெரியும். வெப்பமானி இருந்தால் 90 முதல் 95 டிகிரி செல்சியஸ். 63 டிகிரியிலேயே உண்ணப் பாதுகாப்பானதுதான், ஆனால் அப்போது பல்லுக்கு வேலை அதிகம்.

கடைசியில் நெல்லிக்காய் அளவு புளிக்கரைசலில் 50 கிராம் நாட்டுச்சர்க்கரையைக் கெட்டியாகக் காய்ச்சித் தடவி, தணலுக்கு நேர்மேலே பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அருகிலேயே நில்லுங்கள். பத்து நிமிடம் ஆறவைத்து, எலும்புக்கு எலும்பு வெட்டுங்கள்.

தவறும் இடங்கள்

கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் கறியில் ஒட்டும். கறியைக் காலிப் பக்கம் நகர்த்தினால் தானே அடங்கும். கறி கசந்தால் காரணம் ஈர விறகின் வெள்ளைப் புகை. சவசவவென்று சதை உதிர்ந்தால் பொதிக்குள் அதிக நேரம் இருந்திருக்கிறது, அடுத்தமுறை கால் மணி குறையுங்கள்.