பவளமல்லி உதிரும் மாதத்தில் வீட்டுப் பாடம்

டெல்லியில் அக்டோபர் பிறந்தால், வீட்டிலேயே நடக்கும் எங்கள் பாடம் பூங்காவுக்குப் போய்விடும். மயூர் விஹாரில் பவளமல்லி இரவில் பூத்து விடியலில் உதிரும். வெயில் ஏறுமுன் பிள்ளைகளோடு போய்ப் பொறுக்குங்கள்.

சின்னவளுக்கு இதழ் எண்ணுவதுதான் கணக்கு. எல்லாப் பூவிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஐந்து, ஆறு, ஏழு என்று அவளே தனித்தனியாகக் குவித்து, எது அதிகம் என்று பார்க்கட்டும். முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள், அந்த யோசிக்கும் முகம் அவ்வளவு அழகு!

பெரியவன் ஆரஞ்சுக் காம்புகளை மட்டும் கிள்ளட்டும். வெந்நீரை நீங்களே ஊற்றி ஊறவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை முக்குங்கள். துணி மஞ்சளானதும் அவன் கேட்பதெல்லாம் அன்றைய அறிவியல்.

எழுத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

தீபாவளியை ஒட்டிக் காற்று கெடும். தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம். கூடத்தில் பல்லாங்குழி ஆடுங்கள், கூட்டலும் கழித்தலும் அதிலேயே வந்துவிடும்.