பாட்டை விலைக்கு வாங்கி, கையில் வைத்துக்கொள்வது எப்படி?

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையப் பாட்டுக் கடை திறந்தபோது ஒரு பாட்டின் விலை 99 சென்ட். பிடித்த ஒரு பாட்டுக்காக முழு சிடியையும் வாங்கும் பழக்கம் அதோடு மாறத் தொடங்கியது. ஆனால் அந்த ஃபைல்கள் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் தகவல், கூடினால் தரமும் கூடும்) தரத்தில், கடை அனுமதித்த கருவிகளில் மட்டுமே ஓடும்படி டிஜிட்டல் பூட்டோடு வந்தன. அங்கே எல்லாப் பாட்டுகளுக்கும் பூட்டு நீங்கி, தரம் 256 ஆனது 2009-இல்தான். பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கும் பாட்டைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறதா? பூட்டு இன்னும் அதில் இருக்கிறது.

இப்போது வாங்குகிறவர்கள் ஃப்ளாக் கிடைத்தால் அதையே எடுங்கள். எம்பி3 ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துச் சுருக்கும், ஃப்ளாக் எதையும் கழிக்காமல் சுருக்கும். பேண்ட்கேம்ப் என்ற இணையப் பாட்டுக் கடையில் பணம் கட்டியபின் டவுன்லோடு பக்கத்திலேயே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 5 நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-இல் 12 மெகாபைட், சிடி தர ஃப்ளாக்கில் ஏறக்குறைய 30, சுருக்கவே படாத வேவ்-இல் 50-க்குச் சற்று மேல். ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எடுக்கலாம். எம்பி3-ஐ ஃப்ளாக் ஆக்கினால் ஃபைல்தான் பெருக்கும், கழித்துக்கட்டிய ஒலி திரும்பாது.

அப்படிப் பெருக்கிய ஃபைலைச் சிலர் ஃப்ளாக் என்றே விற்கிறார்கள். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாட்டை இழுத்துப் போடுங்கள், எந்த உயரம் வரை ஒலி இருக்கிறது என்பதை வண்ணப் படமாகக் காட்டும். வண்ணம் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றால், பெரும்பாலும் அது 128 எம்பி3-இலிருந்து வந்தது. மெல்ல மங்கி மறைந்தால் பயப்பட வேண்டாம். பழைய டேப் பதிவுகள் அப்படித்தான் இருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் ???? என்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் ஐடி3வி1 டேக், அதாவது பாட்டின் பெயர், பாடகர் விவரங்களை எம்பி3 ஃபைலுக்குள் எழுதிவைக்கும் பழைய முறை. அதில் யூனிகோடு கிடையாது, தலைப்புக்கு 30 பைட்தான் இடம். எம்பி3டேக் மென்பொருளின் அமைப்பில் ஐடி3வி2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து, பெயரைத் தமிழில் மறுபடி எழுதிச் சேமியுங்கள். அப்புறமும் கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அதில் தமிழ் எழுத்துரு இல்லை. டேக்கில் ஆங்கில எழுத்தில் எழுதுவதே வழி. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள், பல ஸ்டீரியோக்கள் வேறெதையும் படிக்காது. பாட்டுகள் வரிசை மாறி ஒலித்தால், பெயர் முன் 01, 02 போட்டு அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள்.

கடைக் கணக்கில் இருப்பதை பேக்கப் என்று நம்பாதீர்கள். உரிமம் முடிந்து ஆல்பம் கடையிலிருந்து போய்விட்டால், மறுபடி இறக்க வழியில்லாமல் போகலாம். வாங்கிய அன்றே இரண்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஃப்ளாக் ஃபைலுக்குள் ஒலியின் எம்டி5 எண் (ஒலி மாறினால் பொருந்தாமல் போகும் சரிபார்ப்பு எண்) இருப்பதால், வருடம் ஒருமுறை ஃப்ளாக் நிரலின் டெஸ்ட் கட்டளையை ஓட்டினால் கெட்டுப்போன ஃபைல் எது என்று அதுவே காட்டிவிடும். அதை மட்டும் மற்ற டிஸ்கிலிருந்து எடுத்து மாற்றினால் போதும்.