அக்கூஸ்டிக் கிட்டாரைச் சேதமில்லாமல் சுத்தம் செய்வது எப்படி?

புதிதாகக் கிட்டார் வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி இது: "இதை எதைப் போட்டுத் துடைக்கணும்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் எதையும் போடாமல் துடையுங்கள். நான் பார்த்தவரை, அழுக்கு சேர்ந்ததால் பாழான கிட்டார்களைவிட, அக்கறையோடு எதையோ தடவியதால் பாழானவைதான் அதிகம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். கிட்டாரின் பாடி மீது ஒரு பூச்சு இருக்கிறது. நீங்கள் தொடுவது மரத்தை அல்ல, அந்தப் பூச்சைத்தான். ஆனால் விரல் ஓடும் ஃபிரெட்போர்டும், கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜும் பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் மரம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. கீழே சொல்வதெல்லாம் ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாருக்கு.

படி 1: உங்கள் கிட்டாரின் பூச்சு என்ன என்று பாருங்கள்

யமஹா எஃப்310 மாதிரி ஆரம்பநிலை கிட்டார்களில் பாடி பளபளவென்று இருக்கும். இந்த விலையில் வரும் பளபளப்பான கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சுதான். கெட்டியானது, கொஞ்சம் தவறு செய்தாலும் தாங்கும்.

மார்ட்டின், கிப்சன் போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த பல மாடல்களில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பூசியிருப்பார்கள். இது மென்மையானது. ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் கரைய ஆரம்பிக்கும். சில ரப்பர் ஸ்டாண்டுகளில் பல நாள் சாய்த்து வைத்தால்கூட ரப்பர் பட்ட இடம் கறுத்து, பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட கிட்டார் உங்களிடம் இருந்தால் ஸ்டாண்டின் மேல் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பளபளப்பே இல்லாத மேட் பூச்சு. இதில் பாலிஷ் போடவே கூடாது. அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுமினுத்து, திட்டுத்திட்டாகத் தெரியும். அதைத் திரும்பவும் மேட் ஆக்குவது சுலபமில்லை.

எந்தப் பூச்சு என்று தெரியவில்லையா? நைட்ரோ என்றே வைத்துக்கொண்டு கவனமாக நடத்துங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை.

படி 2: வாசித்து முடித்ததும் துடையுங்கள்

இந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்ற படிகளுக்குப் பாதி வேலை குறையும். முதலில் கைகளைக் கழுவிவிட்டு வாசியுங்கள். முடித்ததும் ஒரு மைக்ரோஃபைபர் துணியை, அது இல்லாவிட்டால் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் பட்டன், கெட்டியான தையல் இருக்கக்கூடாது. கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக்கின் தலைப்பக்கத்தில், கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள சின்னப் பட்டைதான் நட். ஒவ்வொரு கம்பியையும் துணியால் கவ்விப் பிடித்து, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இழுத்துத் துடையுங்கள். கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும். அங்கேதான் வியர்வை தங்குகிறது. அப்புறம் நெக்கின் பின்பக்கம், வலது முழங்கை படும் பாடியின் மேல் ஓரம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளில் ஸ்டீல் கம்பியைச் சுற்றி வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். 80/20 என்று உறையில் போட்டிருந்தால் 80 சதவீதம் தாமிரம், 20 சதவீதம் துத்தநாகம் என்று பொருள். பாஸ்ஃபர் பிரான்ஸ் என்றால் தாமிரத்தோடு வெள்ளீயமும் சிறிது பாஸ்பரஸும். வியர்வையில் இருக்கும் உப்பும் அமிலமும் தாமிரத்தைக் கறுக்க வைக்கும். சுற்றுகளுக்கு இடையில் அழுக்கு ஏறியதும் கம்பி கனத்து, ஒலி மந்தமாகிவிடும். சுருதியும் சரியாக நிற்காது. ஒரு நிமிடத் துடைப்பு கம்பியின் ஆயுளை நன்றாகவே நீட்டும்.

கொசு விரட்டி தடவிய கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். பல களிம்புகளிலும் ஸ்பிரேக்களிலும் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பூச்சையும், பாடியின் துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டையும் கரைக்கும்.

படி 3: கம்பிகளைக் கழற்றுங்கள்

முழுச் சுத்தம் செய்ய நல்ல நேரம் கம்பி மாற்றும் நாள்தான். மேஜையில் கெட்டியான துண்டை விரித்து கிட்டாரை மல்லாக்க வையுங்கள். நெக்குக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை கொடுத்தால் கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் மேஜையில் இடிக்காது.

சுருதி சேர்த்த நிலையில் இருக்கும் கம்பியைக் கட்டிங் பிளேயரால் ஒருபோதும் வெட்டாதீர்கள். 12 முதல் 53 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) லைட் கேஜ் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. வெட்டினால் கம்பி முகத்தில் அடிக்கலாம், கண்ணுக்கு ஆபத்து. டியூனிங் கீயைத் திருகி ஒவ்வொரு கம்பியாகத் தொளதொளவென்று ஆக்குங்கள்.

அடுத்து, கம்பிகளின் முனையைப் பிரிட்ஜில் பிடித்து வைக்கும் சின்ன முளைகளான பிரிட்ஜ் பின்கள். கம்பி திருகும் வைண்டரின் முனையில் ஒரு பள்ளம் இருக்கும், அதைப் பின்னின் தலையில் மாட்டி மெல்ல நெம்பினால் வந்துவிடும். அடம்பிடித்தால் பிளேயரால் இழுக்காதீர்கள், பின்னின் தலை உடையும், பிரிட்ஜும் கீறும். கம்பியைப் பின்னின் துளைக்குள் கொஞ்சம் தள்ளுங்கள், பின்னின் பிடி தளரும். அப்படியும் வரவில்லை என்றால் பாடியின் நடுவில் உள்ள துளையான சவுண்ட்ஹோல் வழியே கையைவிட்டு, ஒரு நாணயத்தால் பின்னின் அடியை மேலே தள்ளலாம்.

கம்பிகள் போனதும், பிரிட்ஜின் மேல் இருக்கும் வெள்ளைப் பட்டையான சேடில் சிலவற்றில் தானாகக் கழன்று விழும். எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று முன்கூட்டியே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாற்றிப் போட்டால் சுருதி பிசகும்.

ஆறு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றினால் நெக் வளைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சுத்தம் செய்யும் ஓரிரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. கம்பி இல்லாமல் மாதக்கணக்கில் போட்டு வைப்பதுதான் கூடாது.

படி 4: ஃபிரெட்போர்டு

உங்கள் ஃபிரெட்போர்டு ரோஸ்வுட் என்றால், அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமாகவே இருக்கலாம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கட்டைகள் கிடைப்பது கடினமானபோது, 1969-ல் மார்ட்டின் நிறுவனம் தன் கிட்டார்களுக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதன் பிறகு உலகம் முழுக்கக் கிட்டார் செய்பவர்கள் நம்பி வாங்கும் மரமாக ஈட்டி ஆனது. இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உள்ள மரம். அதனால் அதற்கு நாம் கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள். குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் ஓரங்களில் கறுப்பாகப் படிந்திருப்பது தோலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்த அழுக்கு. பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால், அல்லது மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம். இன்னும் போகவில்லை என்றால் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். மிகப் பிடிவாதமான அழுக்குக்கு 0000 என்ற மிக மெல்லிய ஸ்டீல் வுல் (இரும்பு இழைப் பஞ்சு) இருக்கிறது. அதை மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் லேசாக ஓட்ட வேண்டும். அதற்கு முன் சவுண்ட்ஹோலை மாஸ்கிங் டேப்பும் காகிதமும் கொண்டு மூடுங்கள். உதிரும் இரும்புத் துகள் உள்ளே போகக்கூடாது, முக்கியமாக, ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் உள்ள கிட்டாரில்.

அப்புறம் எண்ணெய். கிட்டார் கடைகளில் லெமன் ஆயில் என்று விற்பவற்றில் பலவும் அடிப்படையில் மினரல் ஆயில்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத லிக்விட் பாராஃபினும் சுத்திகரித்த மினரல் ஆயிலே. நான்கைந்து சொட்டு துணியில் விட்டு, ஃபிரெட்போர்டு முழுவதும் மெல்லிய படலமாகப் பூசி, ஐந்து நிமிடம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். பிரிட்ஜுக்கும் இதே வைத்தியம். வருடத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை போதும். மேப்பிள் ஃபிரெட்போர்டு மேல் பெரும்பாலும் பூச்சு இருக்கும், அதற்கு எண்ணெய் தேவையே இல்லை.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் ஆயில் எதுவும் வேண்டாம். தாவர எண்ணெய்கள் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கைக்கு எட்டும் எண்ணெய் என்பதால் இந்தத் தப்பு ரொம்பவே நடக்கிறது.

படி 5: பாடி

தூசியை முதலில் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும். விரல் ரேகைக்குக் கண்ணாடியில் ஊதுவது மாதிரி வாயால் ஆவி ஊதித் துடைத்தாலே போகும். போகாத கறைக்கு, பிழிந்த ஈரத்துணி. பளபளப்பான பூச்சுக்கு மட்டும், ஆசைப்பட்டால், கிட்டார் பாலிஷ் சிறிதளவு துணியில் விட்டுத் துடைக்கலாம். நேராகக் கிட்டார் மேல் ஸ்பிரே செய்யாதீர்கள். பூச்சில் விரிசல் இருந்தால் திரவம் எதுவும் வேண்டாம், மரத்துக்குள் இறங்கிவிடும்.

கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், ஃபர்னிச்சர் பாலிஷ், துரு நீக்கும் ஸ்பிரேயான டபிள்யூடி-40 ஆகிய மூன்றும் கிட்டார் பக்கமே வர வேண்டாம். ஃபர்னிச்சர் பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கான் இருக்கிறது. அது ஊறிவிட்டால், பின்னால் அந்த இடத்தில் பூச்சைப் பழுதுபார்க்கும்போது புதுப் பூச்சு ஒட்டாமல் குழிகுழியாகும்.

உள்ளே சேர்ந்த தூசிக்கு ஒரு பழைய கைப்பக்குவம்: ஒரு கைப்பிடி காய்ந்த அரிசியைச் சவுண்ட்ஹோலில் போட்டு, மெதுவாக ஆட்டி, கவிழ்த்துக் கொட்டுங்கள். தூசியும் உருண்டையாகச் சுருண்ட பஞ்சும் அரிசியோடு வரும். உள்ளே பிக்கப் ஒயர்கள் இருந்தால் இதைச் செய்யாமல் பிரஷ் மட்டும் போதும்.

படி 6: புதுக் கம்பி

உருண்டை முனையைத் துளைக்குள் விட்டு, பின்னை அழுத்தி, கம்பியை ஒரு முறை மேலே சுண்டி இழுங்கள். உருண்டை உள்ளே மரத்தகட்டில் பதிந்து நிற்பது கையில் தெரியும். பதியாவிட்டால் திருகும்போது பின் தெறிக்கும். டியூனிங் கம்பத்தில் இரண்டு, மூன்று சுற்று வந்தால் போதும். நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்து விட்டால் கம்பி சிக்காமல் வழுக்கும். டியூனிங் கீ மூடிய வகை என்றால் எண்ணெய் விட வேண்டாம், அதைப் பிடித்திருக்கும் திருகு நட்டுகள் தளர்ந்திருந்தால் லேசாக இறுக்குங்கள்.

படி 7: வைக்கும் இடம்

கிட்டார் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் ஈரப்பதம் பொதுவாக 45 முதல் 55 சதவீதம். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் பல மாதங்கள் இது 70 சதவீதத்தைத் தாண்டும். மேல்பலகை பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. ஈரத்தை உறிஞ்சி அது உப்பும், பிரிட்ஜ் மேலெழும், கம்பி ஃபிரெட்டிலிருந்து விலகி விரல் வலிக்க ஆரம்பிக்கும். புதிதாகக் கற்பவர்கள் தங்கள் விரல்மேல் பழியைப் போட்டுவிடுவார்கள், காரணம் மழைக்காலமாக இருக்கும். மாறாக, இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் மரம் காய்ந்து சுருங்கினால், ஃபிரெட்டின் முனைகள் நெக்கின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி உறைக்குள் வையுங்கள். கெட்டியான உறையில், ஈரம் குறைந்தால் கொடுத்து, கூடினால் உறிஞ்சும் 49 சதவீத ஈரப்பதப் பொட்டலங்கள் நன்றாகப் பயன்படும். மழைக்காலத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் உதவும், ஆனால் அளவு இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். மழையில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் பத்து நிமிடம்கூட வேண்டாம், சூட்டில் பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகும்.

கம்பி மாற்றும்போதெல்லாம் பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்திருக்கிறது. உடனே எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டு, கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூவை மட்டும் விடாதீர்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அவர் தன் வேலையையே தொடங்க முடியும்.