கதைக்கு நடுவே ஓர் இலை: அலங்காரக் குறிகளைப் பயன்படுத்தத் தொடங்குவது எப்படி?

ஒரு சிறுகதை தட்டச்சு செய்கிறீர்கள். ஒரு காட்சி முடிகிறது, அடுத்தது மறுநாள் காலையில் தொடங்குகிறது. நடுவே ஒரு வெற்று வரி விட்டுவிட்டு நகர்கிறீர்கள். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். புத்தகமாகப் பக்கம் பிரிக்கும்போது அந்த வெற்று வரி ஒரு பக்கத்தின் அடியில் போய் விழுந்தால், அங்கே இடைவெளி இருப்பதே வாசகருக்குத் தெரியாது. இரவில் தூங்கப் போனவர் அடுத்த வரியிலேயே பேருந்தில் நின்றுகொண்டிருப்பார்.

அந்த இடத்தில் ❦ என்று ஓர் இலையை வைத்துவிட்டால் குழப்பம் இல்லை. அலங்காரக் குறியின் முதல் வேலை இதுதான். அழகெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு கதைக் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், செய்து பார்க்கலாம்.

படி 1: குறியைத் தேர்ந்தெடுப்பது

❦ குறிக்கு ஃப்ளூரான் என்று பெயர். ஹெடெரா என்றும் சொல்வார்கள். லத்தீனில் அது ஐவிக் கொடியைக் குறிக்கும். ரோமானியர்கள் கல்வெட்டுகளில் சொற்களைப் பிரித்துக் காட்ட இந்த இலையைச் செதுக்கினார்கள். இதையே படுக்க வைத்தால் ❧, எதிர்ப்பக்கம் திருப்பினால் ☙.

⁂ என்பது மூன்று நட்சத்திரங்களின் கொத்து. காட்சி மாற்றத்துக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் சிறிய அளவில் அச்சிட்டால் அப்பிக்கொள்ளும். ☞ என்ற சுட்டுவிரல், கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் முக்கியமான வரிகளுக்கு எதிரே வாசகர்கள் வரைந்துவைத்தது. பின்னால் அச்சுக்காரர்கள் அதையும் எழுத்தாக வார்த்துவிட்டார்கள். பத்தியைக் குறிக்கும் ¶ குறியும் கையெழுத்துப் பிரதிகளின் வழியாக வந்ததுதான். எழுத்தர் விட்டுச்சென்ற இடத்தில் இன்னொருவர் அதைச் சிவப்பு மையில் தீட்டுவார்.

என் பரிந்துரை: ஒரு கோப்புக்கு ஒரு குறி, மிஞ்சினால் இரண்டு. காட்சி இடைவெளிக்கு ❦, கதை முடிவுக்கு வேறொன்று. கதையின் குணத்தையும் பாருங்கள். சாவு வீட்டில் நடக்கும் கதைக்கு நடுவே ✿ சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

படி 2: குறியைக் கோப்புக்குள் கொண்டுவருவது

விண்டோஸில் வேர்ட் பயன்படுத்துபவர்கள் 2766 என்று தட்டச்சு செய்து, உடனே ஆல்ட் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். எண் மறைந்து இலை வரும். ❧ வேண்டுமானால் 2767, ☙ வேண்டுமானால் 2619, ⁂ வேண்டுமானால் 2042. எண்ணுக்கு முன்னால் வேறு இலக்கம் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு வேறு ஏதோ குறி வரும், அதனால் புது வரியில் தொடங்குங்கள். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிகளின் பெட்டி திறக்கும். இணையப் பக்கத்தின் நிரலில் ❦ என்று எழுதினால் போதும். கைபேசியில் இருந்தால் இங்கிருந்தே நகலெடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விங்டிங்ஸ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில விசைகளைத் தட்டிப் படம் வரவழைப்பது. அந்த எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோட் பரவலாவதற்கு முந்தைய உத்தி. உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து, மேலே போட்டிருக்கும் சட்டை மட்டும் படம். சில மின்னஞ்சல்களில் வாக்கியத்தின் கடைசியில் காரணமே இல்லாமல் ஆங்கில ஜே எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விங்டிங்ஸில் அந்த ஜேதான் சிரித்த முகம். எழுத்துரு போனதும் சிரிப்பும் போய்விடுகிறது. எனக்கும் ஒரு முறை ஒரு சிறு தொகுப்பின் புரூஃபில் பூக்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றன.

யூனிகோடில் இதுபோன்ற குறிகளுக்கென்றே டிங்பேட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. 192 இடங்கள். அதன் பெரும்பகுதி, ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப் 1970களில் வடிவமைத்த ஸாஃப் டிங்பேட்ஸ் என்ற குறித்தொகுப்பிலிருந்து வந்தது. யூனிகோட் குறி என்றால், எழுத்துருவை மாற்றினாலும் இலை இலையாகவே இருக்கும்; வடிவம் கொஞ்சம் மாறலாம், அவ்வளவுதான்.

படி 3: உட்கார வைப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குறியைத் தனி வரியில் வைத்து நடுவில் நிறுத்துகிறீர்கள், ஆனால் அது லேசாக வலப்பக்கம் ஒதுங்கியே தெரிகிறது. காரணம், பத்தியின் முதல் வரிக்கு நீங்கள் கொடுத்த உள்தள்ளல் இந்த வரிக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உள்தள்ளலில் பாதி அளவுக்குக் குறி நகர்ந்திருக்கும். அதைச் சுழியமாக்குங்கள்.

அடுத்தது உயரம். உங்கள் தமிழ் எழுத்துருவில் ❦ இல்லாவிட்டால் மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கும். கடன் கொடுத்த எழுத்துருவின் உயரம் வேறாக இருந்தால் அந்த வரி மட்டும் வீங்கிக்கொள்ளும். வரி உயரத்தைத் தானியங்கியாக விடாமல் குறிப்பிட்ட புள்ளி (பாயிண்ட்) அளவில் நிறுத்திவிட்டால் சரியாகும். கதை 11 புள்ளியில் இருந்தால் குறிக்கு 13 அல்லது 14 போதும், மேலும் கீழும் ஒரு வரி இடம்.

இலை வேண்டாம், மூன்று நட்சத்திரமே போதும் என்பவர்களுக்கு: * * * என்று இடம் விட்டு அடியுங்கள். ஒட்டி அடித்து என்டர் தட்டினால் வேர்ட் அதைப் புள்ளிக்கோடாக மாற்றிவிடும். (அந்தக் கோட்டை அழிக்கத் தெரியாமல் கோப்பையே புதிதாகத் தொடங்கியவர்கள் உண்டு. கண்ட்ரோல், இசட் அழுத்தினால் போதும்.) பல எழுத்துருக்களில் நட்சத்திரம் வரியின் மேல்பாதியில் தொங்கும். அதனால் மேலே கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டால்தான் கண்ணுக்கு நடுவில் இருப்பதாகத் தெரியும்.

எல்லாம் சரியானதும் இந்த அமைப்பை ஒரு ஸ்டைலாகச் சேமித்துவிடுங்கள். நாற்பது இடத்தில் கையால் திருத்துகிற வேலை மிச்சம்.

படி 4: வேண்டுமானால் ஒரு பார்டர்

ஈய அச்சுக் காலத்தில் பூக்களும் எழுத்துகளைப் போலவே தனித்தனி அச்சுகளாக வார்க்கப்பட்டன. கம்போசிட்டர் அவற்றை எழுத்தோடு எழுத்தாக அடுக்கி, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ரோபேர் கிரான்ஜோன் வெட்டிய கொடிப் பூக்கள் இந்த அடுக்கலுக்குப் பேர்போனவை. ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் புதுப் புதுக் கோலம் கிடைக்கும்.

நீங்களும் அதையே செய்யலாம். தலைப்பின் கீழே ☙ ❦ ❧ என்று அடுக்கிப் பாருங்கள். ஓர இலைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பியிருப்பதால் நடு இலைக்கு ஒரு நிலைப்பு வருகிறது. ஒரே ❧ மூன்று முறை வந்தால் அது வராது. தலைப்புப் பக்கத்தோடு இதை நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்தைச் சுற்றியும் பார்டர் போட்டால் கதைப் புத்தகம் சான்றிதழ் மாதிரி ஆகிவிடும்.

படி 5: வெளியே அனுப்பும் முன்

❤ ✂ ✉ போன்ற சில குறிகளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு: இமோஜி. உங்கள் கணினியில் கறுப்பாக இருந்த கத்தரிக்கோல், கைபேசியில் வண்ணப் படமாக முளைக்கலாம். இணையப் பக்கத்தில் அந்தக் குறியை ஒட்டி ︎ என்று சேர்த்தால் எழுத்து வடிவிலேயே காட்டச் சொல்கிறீர்கள் என்று பொருள். ❦ குறிக்கு இமோஜி வடிவம் கிடையாது, அதனால் தொல்லையும் இல்லை.

பார்வையற்ற வாசகர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் குறியின் பெயரையும் உரக்கச் சொல்லக்கூடும். வரிசையாகப் பத்து இலை வைத்தால் ஒரே பெயரைப் பத்து முறை கேட்க நேரிடும். இணையத்துக்கு ஒன்று போதும்.

அச்சுக்குப் போவதென்றால் பிடிஎஃப் எடுத்து, எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கின்றனவா என்று கோப்பின் பண்புகளில் பாருங்கள். பிறகு அதை வேறொரு கணினியில் திறந்து, குறி வரும் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். எங்காவது வெற்றுக் கட்டம் தெரிந்தால் அந்தக் குறிக்கு எழுத்துரு கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்து, தலைகீழாகப் பிடித்தும் பாருங்கள். படிக்க முடியாதபோதுதான் இலை நடுவில் இருக்கிறதா இல்லையா என்பது பளிச்சென்று தெரியும்.