பிள்ளையின் குரலில் பணம் கேட்டால்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் அம்மா அப்பா தோட்டத்தில் இருக்க, பிள்ளைகள் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் வீடுகள் உண்டு. மோசடிக்காரனுக்கு அந்தத் தூரமே போதும். "அம்மா, ஆக்சிடன் ஆயிடுச்சு, உடனே 2,000 வெள்ளி அனுப்புங்க" என்று மகன் குரலிலேயே அழைப்பு வரலாம். செயற்கை நுண்ணறிவு ஒருவர் குரலில் பேச நீண்ட பதிவு வேண்டாம். 2023 தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் அறிவித்த வால்-ஈ என்ற குரல் நகலெடுக்கும் மென்பொருளுக்கு 3 வினாடி மாதிரி போதுமாக இருந்தது. நாம் டிக்டாக்கில் போடும் தீபாவளி வாழ்த்தே அதைவிட நீளம்!

அதனால் வீட்டுக்குள் ஒரு ரகசியக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் இல்லாத விஷயமாக இருக்கட்டும்: தாத்தா பால்மரம் சீவிய நிரை, செத்துப்போன நாயின் பெயர், இப்படி ஏதாவது. பதில் வராமல் அழுகை மட்டும் வந்தால் போனை வைத்துவிட்டு, பிள்ளையின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். "போன் உடைஞ்சு போச்சு, இது கூட்டாளி நம்பர்" என்பான் மோசடிக்காரன். சரி, அப்போது பிள்ளையோடு வேலை செய்பவரைக் கேளுங்கள்.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கப் போலீஸ் வைத்திருக்கும் செமாக் மியூல் தளத்தில் தேடலாம். ஆனால் யாரும் புகார் கொடுக்காத கணக்கு அதில் வராது. பணம் போய்விட்டதா? கூச்சப்படாமல் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கு அழையுங்கள், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.