சென்னைக் கடற்கரைக் காற்றை எரா5 தரவை வைத்துக் கணக்கிடுவது எப்படி?

பெசன்ட் நகர்க் கரையோரம் 100 மீட்டர் உயரத்தில் எவ்வளவு காற்று வீசுகிறது? கோபுரம் நட்டு அளக்கும் முன் ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால், ஐரோப்பிய வானிலை மையத்தின் எரா5 தரவு போதும். பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்து உருவாக்கிய வானிலைப் பதிவு அது. 1940 முதல் மணிக்கு ஒரு மதிப்பு வீதம் இருக்கிறது. காசும் இல்லை.

படி 1. கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுத் தளத்தில் கணக்கு தொடங்கி, 100 மீட்டர் காற்றின் யு (மேற்கு-கிழக்குக் கூறு; மேற்கிலிருந்து வீசினால் +), வி (தெற்கு-வடக்குக் கூறு) இரண்டையும் பத்தாண்டுக்கு இறக்குங்கள். 10 மீட்டர் காற்றை எடுத்துச் சூத்திரம் போட்டு மேலே ஏற்றாதீர்கள். 100 மீட்டரே கிடைக்கும்போது அது வீண் பிழை. கோப்பைத் திறக்கப் பைத்தான் மொழியும் அதன் எக்ஸ்அரே நிரல் தொகுப்பும் என் தேர்வு. ஒரே புள்ளிக்கு 87,000 வரிகளுக்கு மேல் வரும், எக்செல் வேண்டாம்.

படி 2. கட்டத்தின் அளவு 0.25 பாகை, சுமார் 28 கிலோமீட்டர். 80.25 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள புள்ளியில் ஊரும் கடலும் கலந்திருக்கும். கடல் காற்றுதான் வேண்டும் என்றால் 80.5-க்குப் போங்கள். நிலம்-கடல் முகமூடி என்ற மாறியையும் சேர்த்து இறக்கினால் எது கடல் என்று தெரிந்துவிடும்.

படி 3. நான் இரண்டு நாள் தவித்த இடம் இது. யு, வி இரண்டுக்கும் முதலில் சராசரி எடுத்துவிட்டு, அப்புறம் வேகம் கண்டேன். சென்னையில் காற்றே இல்லை என்பது போல விடை வந்தது. காரணம் நம் கடற்காற்றுதான். கோடையில் காலை மேற்கிலிருந்து வீசுவது பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும். காலை யு +4, பிற்பகல் –4 என்றால் சராசரி பூஜ்யம்! ஆனால் காற்றாலை இரண்டு வேளையும் சுற்றும். எனவே ஒவ்வொரு மணிக்கும் யு வர்க்கம், வி வர்க்கம் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து வேகம் காணுங்கள். சராசரி அதன் பிறகுதான்.

ஆற்றலுக்கும் இதே ஒழுங்கு. ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. நாள் முழுக்க நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் கனம் 125. பாதி நேரம் 3, பாதி நேரம் 7 என்றால் சராசரி வேகம் அதே 5, ஆனால் கனத்தின் சராசரி 185. மணிக்கு மணி கனம் எடுத்து, பிறகு சராசரி.

படி 4. அந்தக் கனச் சராசரியைக் காற்றின் அடர்த்தியில் பாதியால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று வரும். பாடநூல்களில் அடர்த்தியாக உள்ள 1.225 (கன மீட்டருக்குக் கிலோகிராம்) என்பது 15 டிகிரிக்கானது. நம் 30 டிகிரிக்கு 1.16 போடுங்கள்.

28 கிலோமீட்டர் கட்டத்தில் கரையோரக் கடற்காற்று மழுங்கித்தான் தெரியும். அதனால் விடையை 250 மீட்டர் கட்டம் கொண்ட உலகக் காற்று வரைபடத்தோடு ஒப்பிடுவேன். பணம் போடுவதாக இருந்தால் கோபுர அளவீடு கட்டாயம். தேசிய காற்றாற்றல் நிறுவனம் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது.

பின்சேர்க்கை: அட்சரேகையை 12.5 முதல் 13.5 வரை வெட்டினால் காலிக் கோப்பு வருகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். எரா5-இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும், 13.5 முதல் 12.5 என்று கொடுங்கள். இன்னொருவருக்குக் கடற்காற்று காலை எட்டு மணிக்கே வந்ததாம். தரவின் நேரம் உலக நேரம். ஐந்தரை மணி கூட்டினால் பகல் ஒன்றரை, சரியாகிவிடும்.